மினாங்கபாவ் குலத்தலைவர் பதவியேற்பு: எருமைக் கொம்பு முதல் சாபமொழி வரை குறியீடுகள் சொல்வது என்ன?

மேற்குச் சுமத்ராவில் வாழும் மினாங்கபாவ் மக்கள் தங்கள் குலத்தலைவரைப் பதவியில் அமர்த்தும்போது எருமை வெட்டுகிறார்கள்; வெற்றிலைத் தட்டம் சபையைச் சுற்றி வருகிறது; புதியவருக்கு மடிப்பு வைத்த தலைப்பாகையும் கறுப்புச் சட்டையும் குறுவாளும் அணிவிக்கிறார்கள்; கேட்பவருக்கு உடல் சிலிர்க்கும் ஒரு சாபத்தைத் தம்மேல் தாமே ஏற்றிக்கொண்டு அவர் சத்தியம் செய்கிறார். இவை விழாவுக்கு அழகூட்டும் அலங்காரங்களா, ஒவ்வொன்றுக்கும் தனிப் பொருள் உண்டா என்பது கேள்வி. தனிப் பொருள் உண்டு. அதை வெளியாள் ஊகித்துச் சொல்ல வேண்டிய தேவையும் பெரும்பாலும் இல்லை. மினாங்கபாவ் மரபில் சடங்குப் பொருள் ஒவ்வொன்றோடும் அதை விளக்கும் ஒரு பழமொழியோ செய்யுள் வரியோ சேர்ந்தே வாழ்கிறது. ஆகவே கீழே நான் சொல்வதில் பெரும்பகுதி அவர்களே தங்கள் சடங்குக்குச் சொல்லும் உரை. என் கருத்தாகச் சேர்ப்பவற்றை ஆங்காங்கே குறிப்பிட்டுவிடுகிறேன்.

சடங்கின் பெயர் ‘பத்தாகாக் பங்ஹுலு’. பங்ஹுலு என்றால் குலத்தலைவர்; பங்ஹுலுவை நிறுத்துதல் என்பது அதன் நேர்ப்பொருள். புது வீட்டின் மரச்சட்டத்தைத் தூக்கி நிறுத்துவதற்கும் இதே வினைச்சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். தானாக நிற்கும் தூண் எதுவும் இல்லை, பலர் கை கொடுத்துத் தூக்கினால்தான் நிற்கும் என்ற எண்ணம் பெயரிலேயே இருக்கிறது. அரசர்களின் முடிசூட்டு விழாவை மனத்தில் வைத்துக்கொண்டு இச்சடங்கைப் பார்த்தால் அதன் போக்கே பிடிபடாது. முடிசூட்டு விழாவில் சூட்டப்படுபவை அதிகாரத்தின் அடையாளங்கள். இங்கே அணிவிக்கப்படுபவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தால் ‘பொறு’, ‘யோசி’, ‘எடுக்காதே’, ‘எட்டிப் போகாதே’ என்றே அவை சொல்கின்றன. ஒரு மனிதரை ஊரார் ஒன்றுகூடி மரியாதையோடு கட்டிப்போடும் சடங்கு இது என்பது என் புரிதல்.

ஏன் கட்டிப்போட வேண்டும் என்பதற்கு அவர்களுடைய குடும்ப அமைப்பு தெரிய வேண்டும். 2010ஆம் ஆண்டின் இந்தோனேசியக் கணக்கெடுப்பின்படி மினாங்கபாவ் மக்கள் ஏறத்தாழ 64 லட்சம் பேர். இஸ்லாத்தை உறுதியாகப் பின்பற்றுபவர்கள். அதே சமயம் தாய்வழிக் குலமுறையையும் விடாமல் காப்பவர்கள். பரம்பரை நிலமும் பெருவீடும் தாயிடமிருந்து மகளுக்குப் போகின்றன. குலத்தின் பட்டம் தாய்மாமனிடமிருந்து மருமகனுக்கு, அதாவது சகோதரியின் மகனுக்கு, போகிறது. தமிழில் மருமக்கள்தாயம் என்று நாம் அறிந்த முறை. தாய்மாமனை அவர்கள் ‘மாமாக்’ என்கிறார்கள். ஒலி ஒற்றுமை தமிழ்க் காதுக்கு இனிக்கும், ஆனால் அதை வைத்து உறவு எதையும் நான் கற்பிக்கவில்லை. சொத்துக்கு ‘புசாக்கோ’ என்றும் பட்டத்துக்கு ‘சாக்கோ’ என்றும் பெயர். இரண்டுமே குலத்தினுடையவை. ‘சின்ன வயதில் பெயர், வளர்ந்தால் பட்டம்’ என்பது அவர்கள் பழமொழி. பங்ஹுலுவாகிறவருக்கு ‘டத்துவாக்’ என்று தொடங்கும் குலப் பட்டம் சூட்டப்பட்டபின் பிறந்த பெயரைச் சொல்லி அவரை அழைப்பது மரியாதைக் குறைவாகும். பெற்றோர் வைத்த பெயர் பின்னால் போய்விடுகிறது. அவருக்கு முன்பு எத்தனையோ மாமன்மார் தாங்கிய பெயர் முன்னால் வருகிறது. அவரிடம் கொடுத்துவைத்த பொருள் அது. கொடுத்துவைத்ததை வாங்கியவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைத்தான் சடங்கு முழுவதும் பல வடிவங்களில் சொல்லிக்கொண்டே போகிறது.

சடங்கு நாளுக்கு வெகுமுன்பே வேலை தொடங்கிவிடும். குலத்தின் ஆண்களும் பெண்களும் கூடிப் பேசி ஒருவரைத் தேர்கிறார்கள். பெருவீட்டின் சாவியைப் பிடித்திருப்பவள் என்று செய்யுள் புகழும் மூத்த பெண்களின் சம்மதம் இல்லாமல் இது நகராது. பிறகு பெரிய கிளையின் ஒப்புதல், அதன்பின் ‘நகரி’ என்ற ஊரமைப்பின் மரபுச் சபையின் ஒப்புதல். ‘வழக்கத்தை நிரப்பு, அச்சில் வார்’ என்று ஒரு தொடர் உண்டு. ஊருக்குச் செலுத்த வேண்டியதைச் செலுத்தாமல் பட்டத்தை அறிவிக்க முடியாது என்பது அதன் பொருள். ‘நட்டதால் முளைத்தார், வளர்த்ததால் பெரியவரானார், தூக்கியதால் உயர்ந்தார்’ என்று தலைவரைப் பற்றிச் சொல்கிறார்கள். எவ்வளவு உயர்வு என்பதற்கும் அளவு இருக்கிறது: ‘ஓர் அடி முன்னே, ஒரு சுள்ளி மேலே’. கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில்தான் தலைவர் இருக்க வேண்டும்.

சபை கூடியதும் முதலில் வருவது ‘சரானோ’ என்ற வெற்றிலைத் தட்டம். பாதம் வைத்த பித்தளைக் கிண்ணம். பொன்னிற நூலும் சிறு கண்ணாடிச் சில்லுகளும் வைத்துத் தைத்த துணியால் மூடியிருக்கும். துணியை விலக்கினால் வட்டமாக அடுக்கிய வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை, காம்பிர். இந்தக் காம்பிர் நம் ஊர்க் காசுக்கட்டிக்கு இணையானது. ஒருவகைச் செடியின் இலையையும் இளங்கிளையையும் வேகவைத்து, பிழிந்து, சாறு படிந்ததும் அச்சில் அடித்துக் காயவைத்த பழுப்பு நிறக் கட்டி. லீமா புலு கோத்தா மாவட்டத்தின் மலைச்சரிவுகளில் இது பெருமளவில் விளைகிறது. அங்கிருந்து கப்பலேறும் காம்பிரின் பெரும்பங்கு இந்தியாவுக்குத்தான் வருகிறது. காரமும் கசப்பும் துவர்ப்பும் சுண்ணாம்பின் சுடுகையும் தனித்தனியாக வாயில் வைத்தால் தாங்காதவை. சேர்த்து மெல்லும்போதுதான் சிவக்கின்றன. குலத்தில் ஒத்துப்போகாத மனிதர்கள் ஒரு முடிவுக்கு வருவதற்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்காது. ‘சரானோ சுற்றி வந்தால்தான் வெற்றிலை ருசிக்கும்’ என்பது அவர்கள் வழக்கு. ஒரே இடத்தில் நின்றுவிட்ட தட்டமும் ஒருவரே எடுத்த முடிவும் அவர்களுக்கு ஒன்றுதான். திருமண வீட்டிலும் இதே தட்டம் முன்னே போகிறது. அங்கே மணமகனுக்கு ‘மராபுலாய்’ என்று பெயர். மலாய் மொழியின் ‘மெம்புலாய்’க்கு உறவான சொல். அந்த மலாய்ச் சொல் தமிழின் ‘மாப்பிள்ளை’யிலிருந்து போனது என்று சொல்லாய்வாளர்கள் காட்டுகிறார்கள்.

வெற்றிலை மென்றதும் பேச்சு தொடங்குகிறது. ‘பசம்பாஹன்’ என்ற இந்தச் சபைப் பேச்சு வெளியாளின் பொறுமையைச் சோதிக்கும். ஒரு தரப்பின் பேச்சாளர் சொன்னதை எதிர்த்தரப்புப் பேச்சாளர் முதலில் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னது இதுதானே என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே பதில். பதில் சொல்லுமுன் தம் பக்கத்தில் இருப்பவர்களோடு தாழ்ந்த குரலில் கலந்துகொள்ள அவகாசம் கேட்பார். முடிவு என்ன என்பது அங்கிருக்கும் அனைவருக்கும் ஏற்கெனவே தெரியும். தெரிந்த முடிவுக்கு இவ்வளவு நேரமா என்று கேட்கலாம். தலைவராகப் போகிறவர் பிற்காலத்தில் ஒரு நிலத் தகராற்றைத் தீர்க்க எப்படி உட்கார்ந்து கேட்க வேண்டுமோ அதன் ஒத்திகையாகவே இது எனக்குப் படுகிறது. எதிராளியின் சொல்லை முழுமையாகத் திருப்பிச் சொல்லத் தெரியாதவர் அவருக்குப் பதில் சொல்லத் தகுதியற்றவர் என்ற பாடத்தை உபதேசமாகச் சொன்னால் எவர் மனத்திலும் நிற்காது.

இனி எருமை. ஆட்டை வெட்டி முடித்துக்கொள்ளும் சடங்குகளும் அவர்களிடம் உண்டு. ஆனால் பங்ஹுலுவை முழு மரியாதையோடு நிறுத்த எருமை வேண்டும். இந்த விலங்கு அவர்கள் பெயரிலேயே இருக்கிறது. ‘கபாவ்’ என்றால் எருமை. ஜாவாவிலிருந்து வந்த படையோடு போரிட்டு உயிர் இழப்பதற்குப் பதிலாக இரு தரப்பும் எருமைகளை மோதவிட்டார்கள் என்றும், ஜாவாக்காரர்கள் கொண்டுவந்த பெரிய எருமைக்கு எதிராக, பால் குடிக்கவிடாமல் பட்டினி போட்ட ஒரு கன்றை மூக்கில் இரும்பு முனை கட்டி உள்ளூரார் விட்டார்கள் என்றும், அது தாயென்று எண்ணி மடி தேடி ஓடிப் பெரிய எருமையின் வயிற்றைக் கிழித்தது என்றும் கதை சொல்கிறார்கள். வென்ற எருமை என்பதே மினாங்கபாவ் ஆயிற்றாம். பெருவீட்டுக் கூரையின் இரு முனைகளும் எருமைக் கொம்புபோல மேல்நோக்கி வளைந்திருக்கின்றன. பெண்கள் விழா நாளில் கட்டும் தலைத்துணிகூடக் கொம்பு வடிவில் இரு பக்கமும் கூர்ந்து நிற்கும். மலேசியாவின் நெகிரி செம்பிலானில் இருக்கும் வாசகர்கள் சிரம்பான் நகரக் கட்டடங்களில் இந்தக் கூரையைத் தினமும் பார்த்திருப்பார்கள். மினாங்கபாவிலிருந்து கடல் கடந்து குடியேறியவர்கள் கொண்டுபோனது அது.

இவ்வளவு பெருமைக்குரிய கொம்பைப் பதவியேற்பில் என்ன செய்கிறார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. ‘கொம்பைப் புதை, இறைச்சியை உண்’ என்கிறது மரபுத்தொடர். விலங்கின் குணம், முட்டும் குணம், மண்ணுக்குள் போகட்டும் என்பது அதற்கு அவர்கள் சொல்லும் பொருள். இறைச்சியை ஊரே உண்கிறது. உண்டவர் அனைவரும் சாட்சிகள். சாப்பிட்டுவிட்டு, எனக்குத் தெரியாமல் இவரைத் தலைவராக்கிவிட்டார்கள் என்று எவரும் சொல்ல முடியாது. கொம்பைப் பற்றி என் கருத்து ஒன்றையும் இங்கே சேர்க்கிறேன். கூரையிலும் பெண்ணின் தலையிலும் கொம்பு இருக்கலாம். அவை குலத்துக்கும் தாய்வழிக்கும் உரியவை. ஆணின் தலையில் பட்டம் ஏறும் நாளில் மட்டும் கொம்பு மண்ணுக்குள் போகிறது. குலத்தின் வீரம் குலத்திடமே இருக்கட்டும், தலைவருக்குத் தனியாக முட்டும் உரிமை வேண்டாம் என்று அந்த இரண்டு செயல்களும் சேர்ந்து சொல்வதாக நான் படிக்கிறேன்.

உடையைச் சபையின் முன் மூத்த பங்ஹுலு ஒருவர் அணிவிக்கிறார். தலைப்பாகையில் நெற்றிக்கு மேலே வரிசை வரிசையாக மடிப்புகள் இருக்கும். ‘மடிப்புத்தோறும் அறிவு படர்கிறது’ என்று செய்யுள் தொடங்குகிறது. அந்தத் துணியின் அகலம் ஊருக்குச் சுவர் என்றும் அதன் நீளம் பிள்ளைகளையும் மருமக்களையும் தூக்கிச் சுமக்கும் தூளி என்றும் மேலே போகிறது. தலையில் கட்டிய துணியைப் பார்த்து அதைத் தூளியாக நினைக்கத் தோன்றியவர்களின் மனம் எனக்கு மிகவும் பிடித்தது. கறுப்புச் சட்டையின் கழுத்துத் திறந்தே இருக்கும். மனத்தில் மறைவு வேண்டாம் என்பதற்காக. அதற்குப் பை கிடையாது. ஊர்ப் பொருளைப் போட்டுக்கொள்ள இடம் இருக்கக் கூடாது. கை மிக அகலமானது. செய்யுளின்படி அது சூட்டை விசிறித் தணிக்கவும் தூசியைத் தட்டி நீக்கவும் ஏற்பட்டது. சண்டைக்குப் போகிறவன் சட்டைக் கையைச் சுருட்டுவான். பங்ஹுலு சுருட்டக் கூடாது. ஓடுவது, மரம் ஏறுவது, தலையில் சுமை தூக்குவது, முகம் சிவக்கக் கோபிப்பது ஆகியவையும் அவருக்குத் தடை. கால்சட்டை அகலமாக இருப்பது ஒவ்வோர் அடியையும் எண்ணி வைப்பதற்காக. இடுப்புத் துணி, கைத்தடி இவற்றுக்கும் உரைகள் உண்டு; அவற்றைத் தாண்டிக் குறுவாளுக்கு வருகிறேன், ஏனென்றால் சடங்கின் சாரம் அதில்தான் திரண்டிருக்கிறது.

‘கரிஹ்’ என்று மினாங்கபாவ் மொழியில் வழங்கும் இந்தக் குறுவாளை முதுகுப்புறம் செருகுவது ஜாவா வழக்கம். மினாங்கபாவ் பங்ஹுலுவுக்கு அது வயிற்றுக்கு முன்னால், எல்லோரும் பார்க்கும்படி செருகப்படுகிறது. பிடி இடப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். வலக்கைக்காரர் ஒருவர் கோபத்தில் சட்டென்று உருவ வேண்டும் என்றால் பிடி வலப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். இங்கே கையைக் குறுக்கே கொண்டுபோய், வாளை உறையோடு சிறிது திருப்பிய பிறகுதான் உருவ வரும். ‘இடப்பக்கம் சாய்ந்திருக்கும், திருப்பிய பின்பே உருவப்படும்’ என்று செய்யுளும் அதைச் சொல்கிறது. திருப்பும் அந்த ஒரு நொடி யோசிப்பதற்கு. இரு பக்கமும் கூர் உள்ள வாள் அது. பிறரை வெட்டும் நீதி தன்னையும் வெட்டும் என்று பொருள் சொல்கிறார்கள். கூர்மையைப் புகழும் வரி இன்னும் அழகானது: ஊதிவிட்ட முடியைத் துண்டிக்கும், ஆனால் காயப்படுத்துவது அதற்கு விலக்கு. ஓர் ஆயுதத்தை இதைவிட முழுமையாக அறமாக மாற்றிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்தக் கருத்துக்குக் கல்லிலேயே ஒரு சான்று வைத்திருக்கிறார்கள். தானா டாத்தார் மாவட்டத்தில் லீமா காவும் என்ற நகரியில் ‘பாத்து பத்திக்காம்’, அதாவது குத்துப்பட்ட கல், இருக்கிறது. ஓர் ஆள் உயரம்கூட இல்லாத கருங்கல்லில் முன்பின்னாக ஊடுருவிய ஒரு துளை. மினாங்கபாவ் மரபுச்சட்டத்தின் இரு கிளைகளை நிறுவியவர்களாகச் சொல்லப்படும் டத்துவாக் கத்துமங்குங்கன், டத்துவாக் பர்பத்திஹ் நான் சபத்தாங் ஆகிய இருவருக்கும் இடையில் பெரும் பிணக்கு இருந்தது. முன்னவரின் முறை மேலிருந்து சொட்டும் நீரைப்போல அதிகாரம் இறங்கிவருவது. பின்னவரின் முறை நிலத்திலிருந்து ஊறி எழும் நீரைப்போல அது கீழிருந்து எழுவது. பிணக்கு முடிந்த நாளில் பர்பத்திஹ் தம் குறுவாளால் அந்தக் கல்லைக் குத்தினார் என்பது கதை. எதிராளியின்மேல் பாய்ந்திருக்க வேண்டிய வாள் கல்லில் பாய்ந்தது. அந்த மரபின் புகழ்பெற்ற குறுவாள் குத்து ஒரு சமாதானத்தின் அடையாளம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், வயிற்றுக்கு முன் சாய்ந்திருக்கும் வாளின் பொருளும் விளங்கிவிடும்.

உடை அணிந்ததும் சத்தியம். இதைப் புரிந்துகொள்ள முதலில் ஒரு வாழ்த்தைக் கேட்க வேண்டும். பங்ஹுலுவை அவர்கள் ஊர்நடுவே நிற்கும் பெருமரம் என்பார்கள். வேர் உட்காரும் இடம், தண்டு சாய்ந்துகொள்ளும் இடம், கிளை தொங்கும் இடம், இலை வெயிலுக்கு நிழல், மழைக்கு ஒதுங்கும் இடம். புறப்படும்போது கேட்டுச் செல்லவும் திரும்பும்போது செய்தி சொல்லவும் ஓர் ஆள். இளைஞர்கள் பிழைப்புத் தேடியும் கல்வி தேடியும் ஊரைவிட்டுப் போவதை வாழ்வின் கடமையாகவே வைத்திருக்கும் சமூகத்தில் இந்தக் கடைசி வரிக்கு எடை அதிகம்.

சத்தியத்தில் வரும் சாபமும் மரத்தைப் பற்றியதே. சொன்ன வாக்கை மீறினால் ‘மேலே துளிர் இல்லை, கீழே வேர் இல்லை, நடுவே வண்டு துளைக்கும்’. இஸ்லாம் வேரூன்றிய பிறகு குர்ஆனின் 30 பாகங்களின் சாபமும் இதனோடு சேர்ந்தது. வாழ்த்தையும் சாபத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் மரம் ஒன்றுதான். வாழ்த்தில் ஊரார் உட்கார்ந்த அதே வேர் சாபத்தில் இல்லாமல் போகிறது. நிழல் தந்த அதே உச்சி துளிர்க்க மறுக்கிறது. சாய்ந்துகொள்ள இடம் கொடுத்த அதே தண்டுக்குள் வண்டு குடைகிறது. புதிதாக ஒரு தண்டனையை எவரும் கண்டுபிடிக்கவில்லை. தலைவர் எதுவாக இருக்கிறாரோ அதன் உட்புறம் அழிவதே தண்டனை. மேலும் நுணுகிப் பார்த்தால், வண்டு குடைந்த மரம் உடனே விழாது. பல காலம் நின்றுகொண்டேதான் இருக்கும், எவருக்கும் பயன்படாமல். பட்டம் மட்டும் மிஞ்சி மரியாதை போய்விட்ட தலைவருக்கு இது மிகச் சரியான படம். ‘விரிந்து கிடக்கும் இயற்கையே ஆசான்’ என்பது மினாங்கபாவ் சிந்தனையின் அடிப்படை வாக்கு. சடங்கில் அது செயல்படுவதை இந்தச் சாபத்தில்தான் நான் மிகத் தெளிவாகக் காண்கிறேன்.

அதிகாரத்தின் வரிசையைச் சொல்லும் வாக்கு ஒன்றும் இங்கே பேசப்படும். மருமகனுக்கு மாமன் அரசன், மாமனுக்குப் பங்ஹுலு அரசன், பங்ஹுலுவுக்கு ஒருமித்த முடிவு அரசன், ஒருமித்த முடிவுக்கு உண்மை அரசன், உண்மை தானே தன் காலில் நிற்கிறது. படிகளில் ஏறிப் போனால் உச்சியில் ஆள் இல்லை.

பிறகு விருந்து. ‘மக்கான் பஜம்பா’ என்ற இந்த முறையில் பெண்கள் தலையில் சுமந்து வந்த உணவு பெரிய தட்டுகளில் வைக்கப்படும். ஒரு தட்டைச் சுற்றி நான்கைந்து பேர் உட்காருவார்கள். ஆண்கள் சம்மணமிட்டும் பெண்கள் கால்களை ஒருபக்கம் மடக்கியும் அமர்வது முறை. நம் முன்னால் இருக்கும் சோற்றைத்தான் எடுக்கலாம். அடுத்தவர் பக்கத்தில் கிடக்கும் நல்ல இறைச்சித் துண்டுக்குக் கை நீளக் கூடாது. வலக்கையால் சிறு கவளம் எடுக்கும்போது இடக்கையை அதற்குக் கீழே ஏந்திக்கொள்வார்கள். சிந்தும் பருக்கை இடக்கையில் விழ வேண்டும், பொதுத் தட்டில் திரும்ப விழக் கூடாது. வயதில் மூத்தவர் முதலில் கை வைப்பார். பையில்லாத சட்டையும், எட்டி எடுக்காத கையும் ஒரே சொல்லின் இரண்டு உச்சரிப்புகள். தலைவருக்கு உடையால் சொன்னதை ஊராருக்குச் சோற்றால் சொல்கிறார்கள்.

சடங்கைச் சுற்றி வரலாறும் பாதுகாப்பாக ஒதுங்கி நிற்கவில்லை. 1837இல் போஞ்சோல் கோட்டை வீழ்ந்து, பாத்ரிகள் என்ற இஸ்லாமியச் சீர்திருத்தக்காரர்கள் டச்சுக்காரர்களோடு நடத்திய பாத்ரிப் போர் முடிந்தபின் மலைநாடு டச்சு ஆட்சியின் பிடிக்குள் வந்தது. 1847இல் தொடங்கிய கட்டாயக் காப்பிச் சாகுபடிக்கு ஊர்தோறும் தங்களுக்கு உதவும் தலைவர்கள் அவர்களுக்குத் தேவைப்பட்டார்கள். அப்படி நியமன ஆணை கொடுத்து அமர்த்தப்பட்டவர்களை மக்கள் ‘கடிதப் பங்ஹுலு’ என்றார்கள். கடிதத்தால் நின்றவர், குலம் நிறுத்தியதால் நிற்காதவர் என்று அந்தப் பெயரே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. விடுதலைக்குப் பின் 1979ஆம் ஆண்டின் கிராம நிர்வாகச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒரே அச்சை வகுத்தபோது, நகரி என்ற அமைப்பு நிர்வாகத்திலிருந்து நீங்கியது. 2000ஆம் ஆண்டில் மாகாண ஆணை ஒன்றின் வழியாக அது மீண்டது. அரசியல்வாதிகளுக்கும் வெளியூர்ப் பெரியவர்களுக்கும் கௌரவப் பட்டம் சூட்டும் வழக்கமும் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு மேலே சொன்ன சடங்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ‘சங்சாக்கோ’, பெற்றவரோடு முடிந்துவிடும். குலப் பட்டமான சாக்கோ முடிவதில்லை.

ஆனால் உறங்கலாம். தகுதியான ஆண் இல்லாமலோ, எருமைக்கும் விருந்துக்கும் செலவு செய்ய முடியாமலோ ஒரு குலம் தன் பட்டத்தை ஆண்டுக்கணக்கில் எவருக்கும் சூட்டாமல் வைத்திருப்பதுண்டு. துணியைப்போல மடித்துவைத்த பட்டம் என்பார்கள். பின்னொரு நாள் அதை எடுத்துச் சூட்டுவதற்கு ‘மூழ்கிய மரத்தடியைத் தூக்குதல்’ என்று பெயர். பெருவீடு கட்டும் மரத்தை அவர்கள் வெட்டியதும் பயன்படுத்துவதில்லை. குளத்துச் சேற்றில் நெடுங்காலம் ஊறப்போட்டு, பூச்சி அரிக்காத பதத்துக்கு வந்த பிறகே எடுப்பார்கள். ஆகவே மூழ்கிக் கிடப்பது அவர்களுக்குக் கெட்டுப்போனதன் அடையாளமாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன். இன்று ஜகார்த்தாவிலும் பிற நகரங்களிலும் சம்பாதிப்பவர்கள் அனுப்பும் பணத்தில் இப்படிப் பல பட்டங்கள் மேலே வருகின்றன. செலவைப் பகிர்ந்துகொள்ளப் பல குலங்கள் சேர்ந்து ஒரே நாளில் தங்கள் பங்ஹுலுக்களை நிறுத்துவதும் நடக்கிறது. பதவியேற்றவர் மறுவாரமே நகரத்துக்குத் திரும்பிவிடுவதும் உண்டு. ஊரில் அவருக்குப் பதிலாக நிற்பவரை ‘பனுங்கெக்’ என்பார்கள். முட்டுக்கொடுப்பவர் என்று பொருள். நிழல் தரும் மரம் தொலைவில் நின்றால் நிழல் எங்கே விழும் என்ற கவலை மூத்தவர்களிடம் இருக்கிறது, அந்தக் கவலை நியாயமானதும்கூட.

பங்ஹுலு இறக்கும்போது நடப்பதையும் சொன்னால்தான் இந்த விளக்கம் முழுமை பெறும். சில நகரிகளில், குலம் முன்னரே ஒருமித்துத் தேர்ந்துவைத்திருந்தால், அடக்கம் நடக்கும் இடத்திலேயே அடுத்தவரை அறிவித்துவிடுகிறார்கள். அதைச் ‘செம்மண்ணில் நிறுத்துதல்’ என்கிறார்கள். புதைகுழியிலிருந்து வெட்டிப் போட்ட மண் அப்போது இன்னும் ஈரத்தோடு சிவந்து கிடக்கும். எருமையும் விருந்தும் பின்னால் வந்துகொள்ளட்டும். குழிக்கு ஒரு பக்கத்தில் இறந்தவரின் மருமகன் நிற்கிறார். சற்று முன்புவரை மாமனுடையதாக இருந்த பட்டத்தை மூத்தவர் ஒருவர் உரக்கச் சொல்கிறார். இப்போது அது இவரைக் குறிக்கிறது. பறவையைப் பற்றிய பழைய நாலடி ஒன்றை அப்போது சொல்வதுண்டு: புதரிலிருந்து முற்றத்துக்குப் பறக்கிறது பறவை, முன்னோரிடமிருந்து மாமனுக்கு இறங்கியது, மாமனிடமிருந்து மருமகனுக்கு.